ஈயமணி கோத்த வாசல் வலை

பாறசாலை,
ஜூன் 9, திங்கட்கிழமை.

அன்பு மகள் சிஜிக்கு அப்பா சொல்ல, உன் தங்கச்சி ரெஷ்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கும் மருமகன் ஜாயின் சுகத்துக்கும் ஜெபிக்கிறோம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை அதில் பின்பாதியை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன். உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறோம். இங்கே சுகம் இல்லை. பயந்து கடிதத்தை மூடிவிடாதே, உன் பிள்ளை நீது உயிரோடு இருக்கிறாள், கொஞ்சம் கஞ்சி குடிக்கிறாள், அம்மா அவள் பக்கத்திலேயே இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மீதியை நீ வாசிப்பாய்.

(அக்கா, இது நான். அப்பாவுக்குக் கை வராததால் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம், சம்பளம் கிடையாது. அவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டுமாம், நான் குறுக்கே பேசினால் அடைப்புக்குள் பேச வேண்டுமாம். அப்பாவின் வாக்கியம் எங்கே முடியும் என்று அவருக்கே தெரியாது. நான் புள்ளி வைத்திருக்கும் இடமெல்லாம் அவர் இருமின இடம் என்று எடுத்துக்கொள்.)

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். வீடியோவில் உன் முகம் வந்ததும் அம்மா “இஞ்ச எல்லாம் செரியாச்சு மக்களே” என்று சொல்லிவிடுகிறாள், நான் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். நீ டூட்டிக்குப் போகிறவள், அங்கே பத்துப் பேருக்கு ஊசி போட வேண்டியவள் என்று நாங்களே ஒரு சாக்குச் சொல்லி வாயை மூடிக்கொண்டோம். அதனால்தான் கடிதம். உன்கூடப் பள்ளிக்கூடத்தில் படித்த வினீத் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்கு ஏறுகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்தத் தடவை சிப்ஸ் இல்லை, அச்சாறு இல்லை, நம் அடுக்களையில் செய்த ஒன்றும் இல்லை. காரணம் கீழே வரும்.

நீது ஒரு மணியை விழுங்கிவிட்டாள், திருவனந்தபுரத்தில் குழாய் விட்டு எடுத்தாச்சு, அவ்வளவுதான் என்று அம்மா உன்னிடம் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது ஏதோ பாசிமணி என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது என் வலைமணி. வலை தண்ணீரில் தாழ்வதற்காக அடியில் கோக்க நான் ஈயம் உருக்கி வார்த்த மணி. விழுங்கினது ஒன்றுதான், ஆனால் அதற்கு முன்னால் மாதக்கணக்காக அவள் வாயில் இருந்தது அதுதான். மணியை எடுத்துவிட்டார்கள், ஈயம் அவள் ரத்தத்தில் இருக்கிறது. ரத்தத்தில் ஐந்து இருந்தாலே கவனிக்க வேண்டுமாம் மக்களே. நம் பிள்ளைக்கு ஐம்பதுக்கு மேலே இருந்தது.

எப்படி வந்தது என்று உனக்கு நான்தான் சொல்ல வேண்டும். அவள் நடக்கத் தொடங்கின நேரம் உனக்கு ஞாபகம் இருக்கும். நம் முன்வாசல் சிட்டவுட்டுக்குக் கதவு கிடையாது, படி இறங்கினால் நேரே ரோடு, ஹைவேயில் நெரிசல் என்றால் எம்சாண்டு லாரியெல்லாம் இந்த வழியாகத்தான் திரும்புகிறது. ஒரு நாள் அம்மா துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் பிள்ளை கடைசிப் படியில் நிற்கிறாள், லாரிக்காரன் ஹாரன் அடித்து நிறுத்திவிட்டுக் கெட்ட வார்த்தையில் கத்திவிட்டுப் போனான். அன்றைக்குச் சாயங்காலமே பழைய வீச்சுவலை ஒன்றை இரண்டாக வெட்டித் தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டினேன். கேட் வைத்தால் விரல் நசுங்கும், பலகை வைத்தால் காற்று வராது, வலைதான் மெத்தென்று இருக்கும் என்று எனக்குப் பெரிய சாமர்த்தியம். அடியில் ஈயமணி இருப்பதால் தரையோடு படிந்து கிடக்கும், தூக்கிக்கொண்டு வெளியே வர முடியாது. அவள் வலையைப் பிடித்துக்கொண்டு நின்று போகிற வருகிறவர்களைப் பார்ப்பாள். கால் வலித்தால் உட்காருவாள். உட்கார்ந்தால் கைக்கு எட்டும் மணி, கைக்கு வந்தால் வாய்க்கு.

(அவள் வலைக்குள் நிற்கிற வீடியோ எடுத்தது நான். “இன்று பாறசாலைச் சந்தையில் புதிய வரவு, நீது, துள்ளுகிற மீன், விலை பேசிக்கொள்ளலாம்” என்று கீழே எழுதி உனக்கு அனுப்பினதும் நான். நீ சிரித்துச் சிரித்து வார்டில் எல்லாருக்கும் காட்டினாய். இப்போது அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வீடியோ முழுக்க அவள் வாயில் மணி இருக்கிறது அக்கா. நானும் பார்க்கவில்லை, நீயும் பார்க்கவில்லை, ஹார்ட் போட்டவர்கள் ஒருத்தரும் பார்க்கவில்லை.)

அவள் வெறுமனே வாயில் வைக்கவில்லை, கடித்தாள். அதற்கும் காரணம் நான். வலை கோக்கும்போது மணியின் பிளவில் நூலைக் கொடுத்து நான் பல்லால்தானே கடித்து மூடுவேன், குறடு எடுப்பது எனக்குச் சோம்பல் என்று உனக்குத் தெரியும். பிள்ளை என் மடியில் இருந்து பார்ப்பாள். பாட்டா கடித்தால் அவளும் கடிப்பாள். நான் அம்மாவைக் கூப்பிட்டு “எட்டீ தங்கபாய், இஞ்ச வந்து பாரு, கொச்சு தொழில் படிச்சாச்சு” என்று காட்டினேன். அம்மாவும் சிரித்தாள்.

ஈஸ்டர் கழிந்து பிள்ளைக்கு ஆகாரம் குறைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள், வெளிக்கு ஒழுங்காகப் போகவில்லை. பல் முளைக்குது என்றார்கள், பூச்சி என்றார்கள், சர்ச்சில் ஒருத்தி கண்பட்டது என்றுகூடச் சொன்னாள். நெய்யாற்றின்கரையில் காட்டினோம், ரத்தம் குறைவு என்று டானிக் தந்தார்கள், குடித்தாள், ஒன்றும் மாறவில்லை. அப்புறம் பேச்சு நின்றது. உன்னிடம் போனில் அம்மே என்பாளே, பால் என்பாள், மீன் என்பாள், என்னைப் பாட்டா என்பாள். ஒவ்வொன்றாகப் போனது. எந்த நாளில் எது போனது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் நான் வேலை முடிந்து வரும்போது அவள் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

திருவனந்தபுரத்தில் வயிற்றைப் படம் எடுத்தார்கள். கறுப்புப் படத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு. சின்ன வயசு டாக்டரம்மா, மலையாளத்தில் இது எந்தா என்று கேட்டாள். ரெஷ்மாதான் எட்டிப் பார்த்து “அது அப்பாக்க மணியாக்கும்” என்றாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என் தொழில் என்ன என்று கேட்டாள். பொழியூர் வள்ளக்காரர்களுக்கு வலைமணி வார்த்துக் கொடுக்கிறேன், பழைய பேட்டரித் தகடு வாங்கி வீட்டுக்குப் பின்னால் விறகுப்புரையில் உருக்குகிறேன் என்றேன். அவள் எழுந்து வந்து என் வலது கையை எடுத்து நீட்டச் சொன்னாள். மணிக்கட்டுக்கு மேலே நிற்கவில்லை, வாடின இலை மாதிரித் தொங்கியது. வலை இழுத்த நோவு என்று நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த கை. “இது எவ்வளவு நாளா இப்படி” என்றாள். வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னாள்.

(எனக்கும் கொஞ்சம் உண்டு, அம்மாவுக்கும் உண்டு. எனக்கு மார்க் குறைந்ததற்கு இனி மெடிக்கல் சர்ட்டிபிகேட்டோடு காரணம் சொல்லலாம். அப்பாவுக்கு பி.பி. என்று மாத்திரை தின்கிறாரே, கெமிஸ்ட்ரி புத்தகத்தில் ஈயத்துக்கும் பி.பி. என்றுதான் போட்டிருக்கிறது. டாக்டரிடம் விளையாட்டாகச் சொன்னேன். அவர் சிரிக்காமல் அதுவும் இதனால் இருக்கலாம் என்றார்.)

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன், நீ நர்ஸ், பிழை இருந்தால் திருத்திக்கொள். ஈயத்தை உடம்பு கால்சியம் என்று ஏமாந்து உள்ளே சேர்த்துக்கொள்ளுமாம். பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகள் பல மடங்கு இழுத்துக்கொள்ளுமாம், வயிறு காலியாக இருந்தால் இன்னும் கூடுதலாம். எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், மூளை வளர்கிற நேரத்தில் மூளையிலும் ஏறும். மணியைக் கடித்தது பாதிதான், மீதிப் பாதி தூசி என்றாள். நான் உருக்கின புகை அடுக்களைச் சுவரில், தரையில், கோழி கிளறுகிற மண்ணில், என் சட்டையில். அந்தச் சட்டையோடுதான் அவளைத் தூக்கினேன். அந்தச் சட்டையையும் பிள்ளை உடுப்பையும் அம்மா ஒரே வாளியில் முக்கினாள். இதைக் கேட்டதில் இருந்து அவள் வாளியைக் கண்டாலே அழுகிறாள். நீ அவளை ஒரு வார்த்தை சொல்லாதே. சொல்ல வேண்டியதெல்லாம் எனக்குச் சொல்லு.

ஈயத்தை இழுத்து மூத்திரத்தில் வெளியேற்றுகிற மருந்து தருகிறார்கள். அழுகின முட்டை வாடை, பழத்தில் பிசைந்து கொடுத்தாலும் துப்புகிறாள். ரத்தத்தில் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் எலும்பில் இருந்து திரும்பவும் இறங்கும், அதனால் அடுத்த மாதமும் பார்க்க வேண்டும், அதற்கடுத்த மாதமும் பார்க்க வேண்டும். போன பேச்சு வருமா என்று கேட்டேன். வரலாம் என்றாள். வராமலும் இருக்கலாமா என்று கேட்டேன். அதற்கு அவள், இனிமேல் ஒரு துளிகூட உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது என்றாள். நான் என் கையைப் பார்த்தேன்.

வீடு சுத்தமாகிற வரைக்கும் பிள்ளை இங்கே காலெடுத்து வைக்கக் கூடாது, அதனால் அம்மாவும் அவளும் காஞ்சிரங்குளத்தில் உன் பெரியம்மை வீட்டில். இங்கே நானும் ரெஷ்மாவும். விறகுப்புரையில் உருக்குவது நின்றது, பொழியூரில் இருந்து மணி கேட்டு வந்தவனிடமும் இனி இல்லை என்று சொல்லியாச்சு, உன் வீட்டில் பிள்ளை இருந்தால் வலையை உள்ளே வைக்காதே என்றும் சொன்னேன். மிச்சமிருந்த ஈயக்கட்டியைக் குழி வெட்டிப் புதைக்கப் போனேன், ஹெல்த் இன்ஸ்பெக்டர் தடுத்தார், கிணற்றுத் தண்ணீரில் இறங்குமாம், மூடி உள்ள டிரம்மில் அடைத்து வைத்திருக்கிறோம், அவர்கள் ஆள் வந்து எடுப்பார்கள். விளக்குமாறு போடக் கூடாது, தூசி எழும்பும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும், துடைத்த துணியை வேறே அலச வேண்டும். ரெஷ்மா துடைக்கிறாள், என்னைப் பக்கத்தில் விடமாட்டாள். முற்றத்து மேல்மண்ணை ஆள் வைத்து எடுக்க வேண்டும். கோழிகளுக்குள்ளும் ஈயம் போயிருக்கும், முட்டை தின்பதை நிறுத்தியாச்சு. பெரியம்மை வீட்டுக் கேட்டிலும் பழைய பெயிண்ட் உரிந்து நிற்கிறது, அதிலும் ஈயம் இருக்குமாம். பெரியப்பா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போனார், தேய்த்தால்தான் பொடி பறக்கும் என்று நிறுத்தி, பிள்ளை கை எட்டுகிற உயரத்துக்கு ஷீட் வைத்து மூடச் சொன்னேன். பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்கள், பாலும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் கொடுக்கிறார்கள், வயிறு காயவிடுவதில்லை.

இன்னொரு பாரமும் உண்டு. நம் வீட்டு வலையைப் பார்த்து அக்கம்பக்கத்தில் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாம் எங்களுக்கும் ஒன்று என்று கேட்டார்கள். காசு வாங்காமல் கட்டிக் கொடுத்தேன்.

(வாடகைச் சைக்கிளுக்கு ஒரு ரூபாய் ஈயாத அப்பா ஊருக்கெல்லாம் ஈயத்தை ஈந்தார். இதை நான் கிளாஸில் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்திருக்கிறேன்.)

ஒவ்வொரு வீடாகப் போய் அவிழ்த்தோம். எல்லாரும் தந்துவிட்டார்கள், ஸ்ரீகுமாரி மட்டும் தரவில்லை. வளைவில் அவள் வீடு, அவள் மகன் தீபுவுக்கு நம் நீதுவின் வயசு. அவள் கோயிலுக்குப் போக பாலராமபுரம் சேலை கட்டி நின்றுகொண்டிருந்தாள், வெள்ளை, கசவுச் சரிகை போட்டது. “தந்ததத் திருப்பிக் கேக்கது என்ன மரியாதை மாமா” என்றாள். நான் விஷயம் சொன்னேன். “எங்க கொச்சு இதப் பிடிச்சாக்கும் நடக்கப் படிச்சான், அவனுக்கு ஒரு கேடும் இல்ல, நீங்க அவிழ்த்துட்டுப் போனா லாரி வந்து உங்ககிட்ட கேட்டுட்டா திரும்பும்?” என்றாள். அந்த லாரிக்குப் பயந்துதானே நானும் கட்டினேன். நான் நின்றுகொண்டிருக்கும்போதே ரெஷ்மா குனிந்து ஒரு மணியைப் பிடித்து அவள் சேலை முந்தியில் சரசரவென்று ஒரு கோடு இழுத்துவிட்டாள். பென்சில் வரைந்த மாதிரிக் கறுப்பாக விழுந்தது. ஸ்ரீகுமாரி “எம்மோ, என் புதுச் சேலை! எட்டீ, உனக்கு வட்டா, பைத்தியமா?” என்று அலறினாள், கை ஓங்கிவிட்டாள். இவள் அசையாமல் “சேலையில இவ்வளவு ஒட்டுனா நாக்குல எவ்வளவு ஒட்டும் அக்கா, அடிக்கதுக்கு முன்ன அவன் வாயைக் கொஞ்சம் பாருங்க” என்றாள். தீபு வாசலில் உட்கார்ந்து சப்பிக்கொண்டுதான் இருந்தான். ஸ்ரீகுமாரி ஓங்கின கையாலேயே போய் அவன் வாயில் இருந்து பிடுங்கினாள். அப்புறம் அவளே அரிவாள்மணை கொண்டுவந்து வலையை அறுத்தாள். ஆசாரியைக் கூப்பிட்டு, பெயிண்ட் அடிக்காத பலகையில் கேட் வைக்கச் சொன்னேன், நமக்கும் அதுதான். தீபுவின் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள், முடிவு வரவில்லை. அவள் வழியில் என்னைக் கண்டால் முகம் கொடுப்பதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

(சேலையை நான் துவைத்துத் தருகிறேன் என்றேன். அந்தக் கோடு போகவில்லை.)

இனி உன் காரியம். நீ ஹைஸ்கூல் படிக்கும்போது நான் இந்த மணி வார்க்கத் தொடங்கினேன். மழை நாளில் நீ அந்த மணிகளை வைத்துத்தான் பல்லாங்குழி ஆடினாய். அம்மாவிடம் இரண்டாவது பிள்ளை பற்றி நீ பேசினாயாம். அதற்கு முன்னால் அங்கே உன் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாயின் எலும்பில் கிடப்பது இறங்கிப் பிள்ளைக்குப் போகும் என்று டாக்டரம்மா சொன்னாள். இதைச் சொல்ல வாய் கூசுகிறது, சொல்லாமல் இருந்தால் அது அடுத்த பாவம். கோபத்தில் வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, லீவு கேட்டு முறைப்படி வா. வரும்போது பிள்ளைக்கு அங்கே கடையில் கிடைக்கிற கண்மை, கலர் அடித்த பொம்மை ஒன்றும் வாங்காதே, அதிலும் ஈயம் இருக்கலாமாம். ஜாய்க்கு நான் தனியாக எழுத வேண்டும், அவனிடம் நீயே முதலில் சொல்லிவிடு.

கடைசியாக ஒன்று. சாயங்காலம் நான் பஸ் பிடித்துக் காஞ்சிரங்குளம் போவேன். கேட்டுக்கு உள்ளே பிள்ளை வருவாள், வெளியே நான் நிற்பேன். பழக்கத்தில் கம்பியைப் பிடித்து உட்கார்ந்து வாயைக் கொண்டுபோவாள், ஷீட்டில் முட்டும், அண்ணாந்து என்னைப் பார்ப்பாள். அப்புறம் இரண்டு கையையும் தூக்குவாள், தூக்கச் சொல்லி. நான் பின்னால் போய்விடுவேன். குளித்து வேறே உடுப்புப் போட்டால் தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியாச்சு, அம்மாவும் சொல்கிறாள், “என்னத்துக்கு கொச்சை இப்படி நோவடிக்குதிய” என்று திட்டுகிறாள். எனக்கு அவர்கள் சொன்னால் போதாது. அவள் உன் பிள்ளை. என்னை நம்பி விட்டுப் போனவள் நீ. நீ வேண்டாம் என்றால் நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டு வருகிறேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

(வருத்தம் இல்லை என்று சொல்லும்போது அவர் நெடுநேரம் இருமினார். நான் புள்ளி ஒன்றுதான் வைத்தேன்.)

ராவும் பகலும் கர்த்தரின் நிழல் உன்மேலும் ஜாய்மேலும் இருக்கட்டும், உன் கை தொடுகிற நோயாளிகள் எழும்பி நடக்கட்டும், அவர்களுடைய ஜெபம் நம் நீதுவுக்கு வந்து சேரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ரத்தம் பார்ப்பதை மறக்காதே. என்னைத் திட்டி எழுதுவதானால் எழுது, ஆனால் அதில் எங்கேயாவது ஒரு ஓரத்தில், பிள்ளையை நான் தூக்கலாமா வேண்டாமா என்று மட்டும் எழுதிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
சுந்தரதாஸ்

(பெயரை அவரே எழுதுவேன் என்று பேனாவை வாங்கினார். அது விரலில் நிற்கவில்லை, கீழே விழுந்துகொண்டே இருந்தது, கடைசியில் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு எழுதினார். அதனால்தான் அந்த ஒரு வரி மட்டும் அப்படி இருக்கிறது, நான் விளையாடினது என்று நினைக்காதே. அக்கா, கடிதம் வேண்டாம், வாசித்து முடித்ததும் போன் பண்ணு. அப்பா உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் அவர் நன்றாகக் குளித்து, தனியாகத் துவைத்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்.)